பழைய ஆள் ஒருத்தர் மிச்சம்

என் கணவர் ட்ரம் வாசிப்பவர். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. தோட்டத்து ரப்பர் பேக்டரியில் வேலை, குடி கிடையாது, சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று சொன்னார்கள். சொன்னது எல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டதைத்தான் நான் சனி ஞாயிறு தோறும் சுமந்து திரிந்தேன்.

மலேசியாவில் சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டங்களிலும் டவுனிலும் இருந்த ஐந்து இளைஞர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து உண்டாக்கிய குழு அது. கிட்டார், பாஸ் கிட்டார், ஆர்கன், ட்ரம், பாட ஒருவர். குழுவுக்கு ஆங்கிலப் பெயர். பெயரின் கடைசியில் 'பாய்ஸ்' என்று வரும். மேடை ஏறினால் முதலில் ஆங்கில ராக் பாட்டுகள்தான். தோட்டத்து ஜனங்களுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கிட்டார் அலற ஆரம்பித்ததும் இளவட்டங்கள் எழுந்து ஆடுவார்கள். வயதானவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொண்டே கடைசி வரை உட்கார்ந்தும் இருப்பார்கள். அப்புறம் சினிமாப் பாட்டு தொடங்கும். அதற்காகத்தான் காத்திருந்தோம் என்று சொல்லிக்கொண்டே ஆங்கிலப் பாட்டையும் ஒன்று விடாமல் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம்.

நான் கல்யாணமாகி வந்தபோது ஐந்து பேரும் இருந்தார்கள். தோள் வரை முடி, தெருக் கூட்டும் கால்சட்டை. கோயில் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். நானும் போக வேண்டும். புது மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்றார் மாமியார். எனக்கோ விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டும். நாள் முழுக்கப் பால் வாளி தூக்கியவளுக்கு ராத்திரியும் ஓய்வில்லை. அன்றைக்கு வந்த களைப்பு இன்னும் என் உடம்பைவிட்டு முழுதாகப் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முதலில் போனவர் பாடகர். டவுனில் ஒரு சபையில் சேர்ந்தார். இனிமேல் உலகப் பாட்டு பாடமாட்டேன், கர்த்தரை மட்டும்தான் பாடுவேன் என்று சொல்லிவிட்டார். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் கூட ஒரு கல்யாணத்தில் காதல் பாட்டு பாடிவிட்டுத்தான் போனார். கிட்டார்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஆர்கன்காரருக்குப் பெண் எடுத்த வீட்டில் கண்டிஷன் போட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புது ஆள் வந்தான். வந்தவர்கள் எல்லோரும் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுப் படித்தவர்கள். உண்மையைச் சொன்னால் பழைய ஆட்களைவிட நன்றாகவே வாசித்தார்கள். பழைய கிட்டார்காரர் எப்போதும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. புதுப் பையன் அதை வழுக்கிக்கொண்டு போவது போல வாசித்துவிட்டான். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தடுமாற்றம்தான் அவர்களுக்குப் பாட்டு.

பழைய குழுவைப் பார்க்க வந்தவர்கள் மேடையில் பழைய முகத்தைத் தேடுவார்கள். இவன் யார், அவன் எங்கே என்று பாட்டு முடியும் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெரியம்மா, சிங்கப்பூர் போனவர்தான் மெலிந்து போய்த் திரும்பி வந்திருக்கிறார் என்று சாதித்தாள். நான் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டேன். கடைசியில் ஆமாம், மெலிந்துவிட்டார் என்று சொல்லி அனுப்பினேன். எல்லோர் கண்ணும் தேடித் தேடி முடிவில் ட்ரம்முக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போய் நிற்கும். பழைய ஆள் ஒருத்தர் மிச்சம் இருக்கிறார் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். புக் பண்ண வருகிறவர்களும் முதலில் கேட்பது, "ட்ரம் அண்ணன் வர்றாருல்ல?" என்றுதான். அவர் இருந்தால் அது அந்தக் குழு. இல்லாவிட்டால் யாரோ நாலு பையன்கள்.

அவர் முடி கொட்டி, தொந்தி போட்டு, மூக்குக் கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது. இன்னும் பாய்ஸ்தான்.

பாஸ் கிட்டார்காரர் மட்டும் வெகு காலம் கூட இருந்தார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. மேடையில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நிற்பார். வலது குதிகாலைப் பலகையில் ஓங்கி ஓங்கித் தட்டுவார். பாஸ் வாசிக்கிறாரா மிளகாய் மிதிக்கிறாரா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவருடைய அப்பா கோலா கெடாவில் மீன் மார்க்கெட் பக்கம் இன்னொரு கடை எடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள மகன் போக வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்கு வந்த இளைஞன் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மேலே கூரையைப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் நின்று வாசித்தான். அதுதான் இப்போதைய ஸ்டைல் என்றான்.

அவன் வந்த பிறகு நடந்த முதல் நிகழ்ச்சி புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழா. இரண்டாவது பாட்டிலேயே என்னவோ சரியில்லை என்று தெரிந்தது. ட்ரம் ஒரு பக்கம் போகிறது, மற்றவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள். இவர் புதுப் பையனின் காலையே பார்க்கிறார். பூட்ஸ் நகரவில்லை. எப்படியோ பிடித்து இழுத்து முடித்தார்கள். இடைவேளையில் சட்டை முழுக்க வேர்வையாக இறங்கி என்னிடம் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

வீட்டில் எதைச் சொன்னாலும் 'ஆங்?' என்பார். புருஷன்மார்களுக்கு எல்லாம் உள்ள காது நோய்தானே என்று நானும் விட்டிருந்தேன். பகலில் பேக்டரியில் ரோலர் மெஷின்களின் இரைச்சல், வார இறுதியில் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி. காது என்னதான் செய்யும்? பேக்டரியில் யாரும் வாயால் பேசுவதில்லை. கைச்சாடைதான். அதனால் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடையில் இவ்வளவு நாளும் பாஸ்காரரின் குதிகாலைப் பார்த்தே வாசித்திருக்கிறார். அது அந்தப் பாஸ்காரருக்கே தெரியாது.

யாரிடமும் சொல்லாதே என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து, "நீ முன்னால வந்து உக்காரு. தொடையில தாளம் போடு. நான் பாத்துக்குறேன்," என்றார்.

எனக்குத் தாளம் தெரியும். தோட்டத்துக் கோயில் பஜனையில் சின்ன வயதிலிருந்தே ஜால்ரா தட்டியவள் நான். புருஷனுக்கு ஜால்ரா போடுகிறவள் என்று சில பெண்களைக் கிண்டலாகச் சொல்வார்களே, என் விஷயத்தில் அது கிண்டல் இல்லை, பிழைப்பு. அன்றைக்கு முன்னால் பாயில் இருந்த பிள்ளைகளை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். வலது கையால் தொடையில் தட்டினேன். அவர் கண் என் கையில் விழுந்தது. பாட்டு நேராகப் போயிற்று.

அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக நீண்டது.

எங்கள் பக்கம் பெண்கள் ஓரமாக, கொஞ்சம் பின்னால்தான் உட்காருவார்கள். முன்னால் பாய் விரிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு. அவர்கள் நடுவில் நான் பெரிய மனுஷி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு மேடையையே பார்த்தபடி தொடையில் தட்டிக்கொண்டிருப்பேன். புருஷனைக் கண் எடுக்காமல் பார்க்கிறாள், இந்த வயதிலும் அவ்வளவு ஆசை என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, எங்கள் வீட்டு மனுஷனை இப்படிப் பார்க்க எனக்கும் சொல்லிக் கொடு அக்கா என்றாள். சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆசையாவது மண்ணாவது! கை ஓய்ந்தால் மனுஷன் நடுவழியில் நிற்பாரே என்ற பயம்தான்.

ஒரு பாட்டைக்கூட நான் பாட்டாகக் கேட்டதில்லை. மற்றவர்கள் கண்ணை மூடி ரசிக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பேன். தலைவலி, காய்ச்சல், மாதாந்திர வலி எதற்கும் விடுமுறை கிடையாது. எப்போதாவது எரிச்சல் முற்றி, போதும், விட்டுவிடுங்கள் என்று சாடையில் காட்டுவேன். இன்னும் கொஞ்ச நாள் என்று அவரும் சாடை காட்டுவார். அவருக்கு வேறு என்ன இருந்தது? பேக்டரியில் அவர் நம்பர் போட்ட சட்டை. மேடையில்தான் ஜனங்கள் அவரைத் தேடினார்கள். அது தெரிந்ததால்தான் என்னால் ஒரேயடியாக முடியாது என்று சொல்ல முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் சுங்கைப் பட்டாணியில் ஒரு பெரிய மண்டபத்தில் கல்யாண விருந்து. ஞாயிறு மத்தியானம். மணமகன் வீட்டார் வசதியானவர்கள். சின்ன வயதில் எங்கள் குழுவைப் பார்த்து வளர்ந்தவர் மாப்பிள்ளை. பழைய ஆங்கிலப் பாட்டுகள் கட்டாயம் வேண்டும், ட்ரம் அண்ணன் கட்டாயம் வேண்டும் என்று சொல்லியே கூப்பிட்டிருந்தார். நான் வழக்கம் போல முன்னாலிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தேன். பாய் இல்லை, சோபா, சுகமாகத்தான் இருந்தது. முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போயின.

மூன்றாவது பாட்டு தொடங்கும்போது நெஞ்சில் பூக்குத்திய ஒருவர் வந்து குனிந்தார். "அக்கா, டத்தோ வந்துட்டாரு லா. இந்த சோபா எல்லாம் அவங்களுக்கு. கொஞ்சம் பின்னால போறீங்களா?"

பட்டம் வாங்கிய பெரிய மனிதர் வாசலில் நிற்கிறார். பின்னால் பத்து பேர் கூட்டம். நான் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? எழுந்தேன். டத்தோ வந்ததும் மாலை, பொன்னாடை, போட்டோ என்று ஒரு கூட்டம் மேடைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். கையை மேலே தூக்கித் தட்டினேன். முதுகுகள்தான் தெரிந்தன. அவருக்கும் அவைதான் தெரிந்திருக்கும்.

ட்ரம் வேகம் பிடித்தது. பாடுகிற பையன் திரும்பிப் பார்த்தான். ஆர்கன் தடுமாறி நின்றது. கிட்டாரும் நின்றது. கூரையையே பார்க்கும் பாஸ் பையன்கூட முதல்முறையாகக் கீழே பார்த்தான். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் வாசிக்கிறார். கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடுகிறது, கை நிற்கவில்லை. மண்டபம் முழுக்க அந்த ஒரு சத்தம்.

யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் விசில் அடித்தார். தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள். டத்தோவும் திரும்பிக் கை தட்டினார். மண்டபமே தட்டியது. தட்டுகிற கைகளைப் பார்த்துத்தான் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மெல்ல நிறுத்தினார். எழுந்து கும்பிட்டார். அதற்கும் ஒரு கை தட்டல்.

சாப்பாட்டுப் பந்தியில் ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். பழைய ஆள் பழைய ஆள்தான், இந்தக் காலத்துப் பையன்களுக்கு இது வருமா என்றார்கள். அந்தப் பையன்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

கை கழுவும் இடத்தில் பாடகப் பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். மெல்லக் கேட்டான். "அக்கா, அண்ணனுக்கு இப்ப காது சுத்தமாவே கேக்கலையா?"

"நல்லா கேக்குது. உன் பாட்டத்தான் கேக்க முடியல," என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனான். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. இவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பெயர் நிலைக்க வேண்டும் என்று இவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் மூடி மறைக்கிறேன் என்று நினைத்து இவ்வளவு நாளும் முழித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்து திரும்பும்போது வழியில் ஒரு தண்ணீர்க் கடை ஓரமாக மோட்டாரை நிறுத்தினார். இரண்டு கிளாஸ் கரும்புச் சாறு வாங்கி வந்தார்.

"நான் தனியா வாசிச்சிட்டு இருந்தேனா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பு இல்லை. ஆமாம் என்றேன்.

"ரொம்ப நேரமா?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கமாக வைத்து, கொஞ்சம்தான் என்று காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. சாற்றைக் குடித்து முடித்துவிட்டு, ட்ரம் வாசிக்கிற ஓர் இளைஞன் மெர்போக்கில் இருப்பதாகவும் அவனை வரச் சொல்லப் போவதாகவும் சொன்னார். எனக்கு விட்டது சனியன் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. ரோட்டோரத்தில் கரும்புச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தட்டிக்கொடுக்கவில்லை. கிளாஸை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

பையன்கள் வீட்டுக்கு வந்து கெஞ்சினார்கள். வாசிக்க வேண்டாம் அண்ணே, மேடையில் வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு தம்புரினைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டினால்கூடப் போதும் என்றார்கள். நான் அதைச் சாடையில் அவருக்குச் சொன்னேன். "நான் என்னா சாமியா, சும்மா கொண்டுபோயி உக்கார வைக்க?" என்று சிரித்தார். அத்தோடு விட்டார்கள்.

பழைய ஆள் ஒருவர்கூட இல்லாமல் அந்தக் குழு வாசித்த முதல் நிகழ்ச்சி, மெர்போக்கில் ஒரு கல்யாண வீட்டு மத்தியான விருந்து. பார்க்கப் போக வேண்டும் என்றார். காது கேட்காத மனுஷனுக்குப் பாட்டுக் கச்சேரி என்ன கேடு என்று எனக்கு எரிச்சல். காலையில் மரம் வெட்டிவிட்டு வந்த அலுப்பு வேறு. ஆனாலும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவன் உட்காருவதை அவர் தனியாகப் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

வீட்டுக்கு முன்னால் தகரக் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் முன்னால் போகவே இல்லை. சமையல் நடக்கும் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ட்ரம் இளைஞன் ஒல்லியாக, நெஞ்சு திறந்த சட்டையோடு இருந்தான். பெரிய ட்ரம்மில் அதே பழைய பெயர். முதலில் ஆங்கிலப் பாட்டு. இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இளைஞனின் கையையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர் ஒருவர் வந்து தோளைத் தட்டினார். என்ன தம்பி இது, ஒரு பழைய ஆள்கூட இல்லை, இதுக்கு எதுக்கு அந்தப் பேரு, உன்னைப் பார்க்கத்தானே வந்தோம் என்று புலம்பினார். இவருக்கு ஒரு வார்த்தை விழவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். என் கை பழக்கத்தில் தொடைக்குப் போயிற்று. வேண்டியதில்லை என்று நினைவு வந்ததும் மடியில் வைத்துக்கொண்டேன். சமையல் பக்கத்திலிருந்து சூடு வந்தது. நாற்காலியின் முதுகில் சாய்ந்தேன்.

கண் திறந்தபோது தலை அவர் தோளில் கிடந்தது. நாலு பேர் பார்க்கும் இடத்தில்! வெட்கமாகப் போய்விட்டது. அவர் சட்டைத் தோளில் என் எச்சில் ஈரம். கூடாரத்தில் பாதி நாற்காலி காலி. பெண்கள் வாழை இலைகளை வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் பையன்கள் ஒயரைச் சுருட்டுகிறார்கள். நான் தூங்கும்போது தோள் அசையக் கூடாது என்று அவர் சாப்பிடப் போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தூக்கக் கலக்கத்தில் அவர் முகத்துக்கு நேரே திரும்பி, "அந்தப் பையன் எப்படி வாசிச்சான்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், யாரிடம் போய் இதைக் கேட்கிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தோளை மெல்ல உதறி மரத்துப்போன கையை நீட்டி மடக்கினார்.

"நல்லாத்தான் வாசிச்சிருக்கான். நீ ஒரு தடவகூட முழிக்கலையே," என்றார்.